நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கும்போது வலிக்கிற பக்கமாகவே ஏன் படுக்கச் சொல்கிறார்கள்?

"நெஞ்சுல தண்ணி கோத்திருக்கு" என்பார்கள் வேலூர்ப் பக்கம். அந்த நீர் இருப்பது நுரையீரலுக்குள் அல்ல, அதைப் போர்த்திய இரண்டு மெல்லிய சவ்வுகளுக்கு நடுவில். சில மில்லிலிட்டர் எல்லோருக்கும் உண்டு. காசநோய், நிமோனியா, இதயச் செயலிழப்பு, புற்றுநோய் போன்றவற்றில் அது பெருகும்.

நிற்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரேயில் நீர் கீழே இறங்கி, விலாவும் உதரவிதானமும் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) சேரும் கூரிய மூலையை மழுங்கடிக்கும். ஆனால் முதலில் நிரம்புவது பின்பக்கப் பள்ளம். உதரவிதானத்தின் மேடு அதை மறைத்துக்கொள்வதால், சுமார் 200 மில்லி சேர்ந்த பிறகே நேர்ப்படத்தில் தெரியும். பக்கவாட்டில் திரும்பி நிற்கவைத்து எடுக்கும் படத்தில் 50 மில்லி அளவிலேயே பிடிபடும்.

மல்லாந்து கிடக்கும் நோயாளிதான் சிக்கல். நீர் முதுகுப்பக்கம் பரவிவிடும்; கதிர் மேலிருந்து இறங்கும். கோட்டை மதில்மேல் நின்று அகழியைக் குனிந்து பார்ப்பது போலத்தான்: நீர் விரிந்திருப்பது தெரியும், ஆழம் தெரியாது. படத்தில் அந்தப் பக்கம் லேசாக மங்கியிருக்கும், அவ்வளவே. அவசரத்தில் பார்ப்பவர் கண்ணுக்குத் தப்பிவிடும்.

அதனால்தான் எக்ஸ்ரே அறையில் இந்தப் பேச்சு:

"ஐயா, வலது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க."

"அந்தப் பக்கந்தாம்பா வலிக்குது."

"அதுக்குத்தான்யா."

சந்தேகப் பக்கம் கீழே இருந்தால் நீர் விலா ஓரமாக ஒரு பட்டையாகப் படியும். கதிரைத் தரைக்கு இணையாகச் செலுத்தினால் பட்டையின் தடிமனையே அளக்கலாம். ஒழுங்காக எடுத்தால் 10 மில்லி அளவுகூடச் சிக்கும். ஒழுங்கு என்பது சின்னச் சின்ன வேலைகள்தான். கீழ்ப்பக்க விலா படத்தில் வெட்டுப்படாமலிருக்க உடம்புக்கு அடியில் மெத்தைத் துண்டு வைக்க வேண்டும், கைகளைத் தலைக்கு மேல் தூக்கிவிட வேண்டும், நீர் படியச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். கூட்டமான நாளில் முதலில் பலியாவது அந்தக் காத்திருப்புதான்.

நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்திருந்தால் தலைகீழ். காற்று மேலேறும் என்பதால் சந்தேகப் பக்கம் மேலே இருக்க வேண்டும்.

பட்டை 1 செ.மீ.க்கு மேல் இருந்தால் பொதுவாக ஊசியால் நீர் எடுக்கப் போதும். திருப்பிப் படுக்கவைத்தும் நீர் நகரவில்லை என்றால், சவ்வுகள் ஒட்டி அது அறை அறையாக அடைபட்டிருக்கலாம். சீழ் கட்டியவர்களிடமும் காசநோயிலும் இது உண்டு. அப்போது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான் கைகொடுக்கும். தடுப்புகளையும் காட்டும், ஊசி இறக்க வேண்டிய இடத்தையும் காட்டும்.