பெர்மிட் கேட்க வேண்டியதில்லை, தகவல் சொன்னால் போதும்

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் பிளாட்டில் லிஃப்ட் ஓடி மாதக்கணக்காகிறது. ஒரு மாலை கீழே திடலில் கூடி, பதாகை பிடித்து நிற்கலாம் என்று பேச்செடுத்தோம். "பெர்மிட் கிடைக்காதுப்பா, போலீஸ் அள்ளிட்டுப் போயிடும்" என்றார் ஒரு பெரியவர். பேச்சு அதோடு நின்றது.

அவர் பயம் நியாயமானது. 2007 நவம்பர் 25ஆம் தேதி, மலேசிய இந்தியர்களின் உரிமைக்காகக் குரல் கொடுத்த ஹிண்ட்ராஃப் அமைப்பின் பேரணிக்குத் திரண்ட நம் மக்கள் மீது கண்ணீர்ப்புகையும் தண்ணீர் பீரங்கியும் பாய்ந்ததை யார் மறப்பார்கள்? அப்போது 1967 போலீஸ் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி கூட்டத்துக்கு லைசென்ஸ் வேண்டும். கொடுப்பதும் மறுப்பதும் போலீஸ் கையில்.

அந்த முறை இப்போது இல்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 10ஆம் விதி, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையைக் குடிமக்களுக்குத் தருகிறது. அதன் நடைமுறையைச் சொல்வது 2012 ஏப்ரல் 23இல் அமலுக்கு வந்த அமைதிப் பேரணிச் சட்டம். அதன்படி நாம் அனுமதி கேட்பதில்லை. மாவட்டப் போலீஸ் தலைவருக்கு, அதாவது ஓசிபிடிக்கு, முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்கிறோம். முதலில் 10 நாள் என்றிருந்ததை 2019 திருத்தம் 5 நாளாக்கியது. சாலையில் ஊர்வலம் போகக் கூடாது என்ற தடையும் அப்போதுதான் நீங்கியது.

இப்படி எழுதிக் கொடுக்கும் நோட்டீஸில் நோக்கம், நாள், நேரம், இடம், எத்தனை பேர் வருவார்கள், ஏற்பாட்டாளர் யார் என்று எழுத வேண்டும். ஓசிபிடி 3 நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் எழுதியபடியே நடத்தலாம். நேரம், இடம் பற்றி அவர் நிபந்தனை போடலாம். அது சரியில்லை என்று பட்டால் உள்துறை அமைச்சரிடம் மேல்முறையீடு செய்யலாம். திடலின் உரிமையாளரிடம் சம்மதத்தை முதலிலேயே வாங்கி வைப்பது நல்லது. மருத்துவமனை, பள்ளிக்கூடம், கோயில், பெட்ரோல் நிலையம் போன்ற இடங்களிலும் அவற்றிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் கூடக் கூடாது. திருமண விருந்து, இறுதி ஊர்வலம், திறந்த இல்ல உபசரிப்புக்கெல்லாம் நோட்டீஸே தேவையில்லை.

ஏற்பாட்டாளருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை இப்படிப்பட்ட கூட்டத்துக்கு அழைத்து வரக் கூடாது. அப்புறம், என்னை உறுத்துகிற விஷயம் ஒன்று. இந்த உரிமை குடிமக்களுக்கு மட்டும்தான். 14ஆம் மாடிப் பாட்டி இந்த மண்ணிலேயே பிறந்தவர். ஆனால் கையில் இருப்பது சிவப்பு அடையாள அட்டை, அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குத் தரும் அட்டை. காய்கறிப் பையோடு தினமும் படியேறி மூச்சு வாங்குகிறவர் அவர்தான். சட்டப்படி எங்களோடு வந்து நிற்க அவருக்கு வழியில்லை. இது மாற வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

நோட்டீஸ் கொடுக்காவிட்டால்? ஏற்பாட்டாளருக்கு 10,000 ரிங்கிட் வரை அபராதம் விதித்த, இந்தச் சட்டத்தின் 9(5) பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று கூட்டரசு நீதிமன்றம் 2025 ஜூலை 1ஆம் தேதி தீர்ப்பளித்தது. அதற்காக நோட்டீஸை விட்டுவிடாதீர்கள். தெரிவிக்க வேண்டிய கடமை அப்படியே இருக்கிறது. ஓசிபிடி போட்ட நிபந்தனையை மீறுவதும், கலையச் சொன்ன பிறகு கலையாமல் நிற்பதும் இன்னமும் குற்றம்தான்.

மேடையில் பேசுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தச் சட்டம் கூடுவதைப் பற்றியது. பேசும் வார்த்தைக்கு 1948 தேச நிந்தனைச் சட்டம் தனியாக இருக்கிறது.

எங்கள் நோட்டீஸ் தயார். திங்கட்கிழமை செந்தூல் மாவட்டப் போலீஸ் தலைமையகத்தில் நேரில் கொடுக்கிறோம். இரண்டு பிரதி, பெற்றுக்கொண்டதாக முத்திரையும் தேதியும் போட்ட ஒன்று எங்கள் கையில் இருக்கும்.