புல்லால் வீடு கட்டும் பன்றி

‘காட்டுப்பன்றிகள் வயலில் இறங்கி அழிக்கிறதென்று விவசாயிகள் தவிக்கும்போது, பன்றிக்குப் போய்ப் பாதுகாப்புத் திட்டமா?’ என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் வயலில் இறங்கும் பன்றி வேறு, அஸ்ஸாமின் குள்ளப்பன்றி வேறு. முழுதாக வளர்ந்தாலும் இதன் தோள் ஓர் அடி உயரத்தை எட்டாது. எடை 6 முதல் 9 கிலோ. உலகிலேயே மிகச் சிறிய பன்றி இதுதான். இமயமலை அடிவாரத்தில் ஆளுயரப் புல் வளரும் சமவெளிதான் இதற்கு வீடு.

1847-இல் பிரையன் ஹாட்ஜ்சன் என்ற இயற்கையியலாளர் இதை அறிவியல் உலகுக்கு விவரித்தார். பிறகு அழிந்தே போயிற்று என்று நம்பப்பட்டது. 1971-இல் புல்வெளி பற்றியெரிந்தபோது சில பன்றிகள் உயிர்தப்பித் தேயிலைத் தோட்டத்துக்குள் ஓடிவந்தன. அப்போதுதான் இன்னும் இருக்கிறது என்று தெரிந்தது.

எனக்கு இந்த விலங்கின் மேல் ஆசை வந்ததே அதன் கூட்டினால்தான். பொதுவாகப் பன்றிகளில் குட்டி போடப்போகும் தாய் மட்டுமே கூடு கட்டும். குள்ளப்பன்றியிலோ ஆணும் கட்டும், பெண்ணும் கட்டும். அதுவும் ஆண்டு முழுக்க. மூக்காலும் முன்கால்களாலும் மண்ணைப் பறித்து ஆழமில்லாத பள்ளம் செய்யும். புல்லை வாயால் கவ்வி வந்து பள்ளத்தில் பரப்பும். இருபுறமும் நிற்கும் புல்லை உள்பக்கமாக வளைத்துவிட்டால் கூரையும் தயார். அதனடியில் நுழைந்து படுத்துவிட்டால் பக்கத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது.

இத்தனை பாடு எதற்கு? பள்ளிக் கணக்குதான். ஓர் உடலின் நீள அகல உயரங்களைப் பாதியாகக் குறைத்தால் அதன் பரப்பு கால் பங்காகும், கனஅளவோ எட்டில் ஒரு பங்காகிவிடும். அதாவது, உடல் சிறுக்கச் சிறுக்க, எடைக்குத் தோல் அதிகம். குளிரில் சூடு சீக்கிரம் வெளியேறும், வெயிலில் சீக்கிரம் ஏறும். இரண்டுக்கும் புல்கூடு மெத்தையும் குடையுமாக உதவுகிறது.

சிக்கலும் இங்கேதான். புது மேய்ச்சலுக்காக வறண்ட மாதங்களில் புல்வெளிக்குத் தீ வைக்கிறார்கள். புல் மறுபடி முளைத்துவிடும், சரி. ஆனால் அது வளர்கிறவரை பன்றிக்குக் கூரையும் இல்லை, ஒளிய இடமும் இல்லை.

1996-இல் மானஸ் தேசியப் பூங்காவில் பிடித்த ஆறு பன்றிகளை வைத்துக் குவாஹாட்டிக்கு அருகே பசிஷ்டாவில் இனப்பெருக்கம் தொடங்கியது. காட்டுயிர்ப் பாதுகாப்பு அமைப்பான டரல் அறக்கட்டளையும் அஸ்ஸாம் வனத்துறையும் இன்னும் சிலரும் சேர்ந்து நடத்தும் திட்டம் இது. பிறந்தவற்றை அப்படியே காட்டில் விட்டுவிடுவதில்லை. நமேரி தேசியப் பூங்காவுக்கு அருகே போட்டாசாலியில் இயற்கைப் புல்வெளி போலவே வளர்த்த அடைப்பில் குழுக்குழுவாகச் சில மாதங்கள் வைக்கிறார்கள். மனித வாடையே அதிகம் படாமல், இரைதேடவும் கூடு கட்டவும் அங்கே பழகுகின்றன. 2008-இல் முதல் 16 பன்றிகள் சோனாய் ரூபாய் சரணாலயத்தில் விடப்பட்டன. அப்புறம் ஒராங், பர்நதி, மானஸ். இதுவரை நூற்றுக்கும் மேற்பட்டவை.

புலிக்கும் யானைக்கும் கிடைக்கும் நிதியில் சிறு பங்குகூடப் புல்வெளிக்கு வருவதில்லை என்பது என் வருத்தம். மரம் இல்லாத நிலத்தைத் தரிசு என்று எழுதிவிடும் பழக்கம் நம் அலுவலகங்களை விட்டுப் போகவில்லை. இந்தப் பன்றியின் உடம்பில் மட்டுமே வாழும் ஒரு பேன் இனமும் இருக்கிறது. பன்றி போனால் அதுவும் போய்விடும்.

விடப்பட்டவை பிழைத்தனவா என்று அறிய, பன்றியைத் தேடி அலைந்து பயனில்லை. அவ்வளவு உயரமான புல்லில் அது கண்ணில் படாது. அதனால் கள ஆய்வாளர்கள் தானியங்கிக் கேமராக்களை வைக்கிறார்கள், குளம்புத் தடம் பார்க்கிறார்கள், கூடு தேடுகிறார்கள். வளைத்த புல்லில் பச்சை மாறாத ஒரு கூடு கண்ணில் பட்டால், நேற்றோ முந்தாநாளோ அங்கே ஒரு குள்ளப்பன்றி படுத்து உறங்கியிருக்கிறது.