சிறு அளவு கஞ்சா வழக்கு: சிறைக்கு மாற்றாகச் சட்டத்தில் உள்ள வழிகள்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் சாலையில் ஆல்பேட்டையைத் தாண்டி முள்ளோடைக்குள் நுழையும்போது மாநில எல்லை மாறுகிறது. மது தொடர்பான சட்டமும் அங்கே மாறிவிடுகிறது. கஞ்சாவைப் பொறுத்தவரை அப்படி எதுவும் மாறுவதில்லை. எல்லையின் இரு பக்கத்திலும் பொருந்துவது 1985-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம்தான். காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் அதை என்.டி.பி.எஸ். சட்டம் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். கடலூர் மாவட்ட வழக்கானாலும் புதுச்சேரி வழக்கானாலும் மேலே செல்ல வேண்டிய இடம் சென்னை உயர் நீதிமன்றமே. ஆகவே பாகூரில் பிடிபட்டவருக்கும் நெல்லிக்குப்பத்தில் பிடிபட்டவருக்கும் கீழே சொல்லப்படுபவை ஒரே மாதிரி பொருந்தும்.

இச்சட்டம் மிகக் கடுமையானது என்று பெயர் பெற்றிருப்பதால், பையில் சில கிராம் கஞ்சாவுடன் பிடிபட்ட இளைஞரின் குடும்பம் பத்தாண்டு, இருபதாண்டு சிறை என்று அஞ்சி நடுங்குவது இயல்பு. அந்தத் தண்டனைகள் வணிக அளவுக்கு உரியவை. மத்திய அரசு 2001-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிவிக்கையில் ஒவ்வொரு பொருளுக்கும் சிறு அளவு எது, வணிக அளவு எது என்று வரையறுக்கப்பட்டுள்ளது. கஞ்சாவுக்கு 1 கிலோவுக்குக் குறைவானது சிறு அளவு, 20 கிலோவுக்கு மேற்பட்டது வணிக அளவு. கஞ்சாப் பிசினான சரஸுக்குச் சிறு அளவு 100 கிராம், ஹெராயினுக்கு 5 கிராம், கோகெயினுக்கு 2 கிராம், செயற்கைப் போதைப்பொருளான எம்.டி.எம்.ஏ.வுக்கு அரை கிராம். சிறு அளவுக் கஞ்சா வைத்திருந்த குற்றத்துக்கு அதிகபட்சம் ஓராண்டு கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிறு அளவுக்கும் வணிக அளவுக்கும் இடைப்பட்டதாக இருந்தால் பத்தாண்டு வரை போகும் என்பதால், கைப்பற்றிய எடை எவ்வளவு என்று பதிவாகிறது என்பதே வழக்கின் திசையைத் தீர்மானிக்கிறது. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. வேறு பொருளுடன் கலந்து பிடிபட்டால் தூய போதைப்பொருளின் எடையை மட்டும் பிரித்துப் பார்க்காமல் கலவையின் மொத்த எடையையே கணக்கில் கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஹீரா சிங் வழக்கில் 2020-இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஹெராயின், கோகெயின் போன்றவற்றில் இத்தீர்ப்பு பலருடைய வழக்கைச் சிறு அளவிலிருந்து வெளியே தள்ளிவிடும்.

பிணை பற்றியும் இதே குழப்பம் உண்டு. பிணை வழங்க நீதிமன்றத்துக்கு இருக்கும் கடுமையான கட்டுப்பாடு, இச்சட்டத்தின் 37-ஆம் பிரிவில் சொல்லப்பட்ட வணிக அளவு வழக்குகளுக்கும் வேறு சில பெருங்குற்றங்களுக்கும் மட்டுமே உரியது. சிறு அளவு வழக்குக்கு அது பொருந்தாது. மேலும், ஏழாண்டுக்கு உட்பட்ட தண்டனை உடைய குற்றங்களில் கைது ஏன் தேவை என்று காவல்துறை எழுத்தில் காரணம் பதிய வேண்டும், தேவையில்லாதபோது நேரில் வருமாறு அறிவிப்பு கொடுத்தாலே போதும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35-ஆம் பிரிவு சொல்கிறது. கேப்பர் மலைச் சிறைக்கோ காலாப்பட்டுச் சிறைக்கோ விசாரணைக் கைதியாகப் போய்விட்ட பிறகு இதைத் தெரிந்துகொள்வதைவிட, நடுவர் முன் முதல்முறை நிறுத்தப்படும்போதே வழக்கறிஞர் இதை எடுத்துச் சொல்வது நல்லது.

இனி, சிறு அளவு வழக்குகள் வழக்கமாக முடியும் விதத்தைப் பார்க்கலாம். இவற்றைக் குற்றவியல் நடுவர் சுருக்கமுறையில் விசாரிக்கலாம். பல குடும்பங்கள், அலைச்சல் ஓயட்டும் என்று, குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிட்டு வீடு திரும்பவே விரும்புகின்றன. அபராதம் சில ஆயிரம் ரூபாயோடு நின்றுவிட்டால் பெரிய நிம்மதி என்றும் நினைக்கின்றன. ஆனால் அபராதம் கட்டுவதும் குற்றத் தீர்ப்புதான். சிறைக்குப் போகவில்லை என்பதால் அது தண்டனை இல்லை என்று ஆகிவிடாது. அரசு வேலைக்கான முன்வரலாற்றுச் சரிபார்ப்புப் படிவத்தில் அதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். மறைத்தால் மறைத்ததே தனிக் குற்றச்சாட்டாகிவிடும். காவலர் தேர்வுக்கு விதிகள் இன்னும் கடுமையானவை. மறுபடியும் இதே சட்டத்தில் குற்றவாளி எனத் தீர்ப்பானால், முதல் தீர்ப்பைக் காட்டி 31-ஆம் பிரிவின்படி தண்டனையின் உச்சவரம்பை ஒன்றரை மடங்காக்கவும் இடமுண்டு. இதற்கு மாற்றான வழிகள் அதே சட்டத்தில் எழுதப்பட்டிருந்தும், கேட்காதவருக்கு அவை பெரும்பாலும் கிடைப்பதில்லை என்பதுதான் இதில் வருத்தத்துக்குரியது.

முதல் வழி 64-ஏ பிரிவு. போதைப்பொருளுக்கு அடிமையான ஒருவர்மீது, அதை உட்கொண்ட குற்றமோ சிறு அளவு வைத்திருந்த குற்றமோ சாட்டப்பட்டிருக்கும்போது, அவர் தாமாக முன்வந்து, அரசோ உள்ளாட்சி அமைப்போ நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையிலோ மையத்திலோ போதை மீட்புச் சிகிச்சை பெற்றால், அந்தக் குற்றத்துக்காக அவர்மீது வழக்கு நடத்தப்படாது என்று இப்பிரிவு பாதுகாப்பளிக்கிறது. தீர்ப்பு இல்லை, ஆகவே தண்டனையும் இல்லை, குற்றவாளி என்ற பதிவும் இல்லை. சிகிச்சையை முழுமையாக முடிக்காமல் பாதியில் விட்டால் இந்தப் பாதுகாப்பைத் திரும்பப் பெறலாம். ‘தாமாக முன்வந்து’ என்னும் சொல்லுக்கு நீதிமன்றங்கள் எடை கொடுக்கின்றன என்பதால், கைதான உடனேயோ பிணையில் வந்த முதல் வாரத்திலேயோ மருத்துவமனையில் பதிவு செய்துகொண்டவரின் மனு, சாட்சி விசாரணையெல்லாம் முடிந்து தீர்ப்பு நெருங்கும்போது சிகிச்சைக்குப் போக விரும்புகிறேன் என்று சொல்பவரின் மனுவைவிட வலுவாக நிற்கும். இந்தி நடிகர் ஒருவருக்கு, 2001-இல் பதிவான கோகெயின் வழக்கில், மருத்துவமனையில் சிகிச்சை முடித்ததை ஏற்று 2012-இல் மும்பைச் சிறப்பு நீதிமன்றம் அளித்தது இதே பாதுகாப்பைத்தான். பணமும் பெரிய வழக்கறிஞரும் உள்ளவருக்கு மட்டும் உரிய பிரிவு என்று எந்த இடத்திலும் எழுதப்படவில்லை.

இரண்டாம் வழியான 39-ஆம் பிரிவு, குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு வருவது. அடிமையான ஒருவர் உட்கொண்ட குற்றத்திலோ சிறு அளவுக் குற்றத்திலோ குற்றவாளி எனக் காணப்பட்டால், அவருடைய வயது, நடத்தை, முன்வரலாறு, உடல்நிலை, மனநிலை ஆகியவற்றைப் பார்த்து, உடனே சிறைத்தண்டனை விதிக்காமல், அவருடைய சம்மதத்துடன் அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனைக்குச் சிகிச்சைக்காக அனுப்பலாம். அவர் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆள் ஜாமீன் வேண்டுமா என்பது நீதிமன்றத்தின் விருப்பம். ஓராண்டுக்குள் சிகிச்சையின் பலன் குறித்த அறிக்கையுடன் நீதிமன்றத்தில் ஆஜராக வேண்டும், அதுவரை இச்சட்டத்தின் கீழ் வேறு குற்றம் எதுவும் செய்யக் கூடாது. அறிக்கை நல்லபடியாக இருந்தால், மூன்றாண்டுக்கு மிகாத காலத்துக்கு மற்றொரு பத்திரம் பெற்றுக்கொண்டு, எச்சரித்து விடுவிக்கலாம். அந்தக் காலத்தில் தவறினால் கூப்பிட்டு நிறுத்தித் தண்டனை விதிக்கப்படும். இது நீதிமன்றத்தின் விருப்புரிமை என்பதால் இப்படிக் கேட்டு ஒரு மனுவும் அதற்கு ஆதாரமான மருத்துவ ஆவணமும் முன்னால் இல்லாதபோது, நாளொன்றுக்கு எத்தனையோ வழக்குகளை எடுக்கும் நடுவர் தாமாகவே 39-ஆம் பிரிவை நினைவுகூர்வார் என்று எதிர்பார்க்க முடியாது.

இரு பிரிவுகளிலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. இரண்டுமே ‘அடிமையானவர்’ என்ற ஒருவருக்காக எழுதப்பட்டவை; அடிமை என்றால் அப்பொருளைச் சார்ந்து இருப்பவர் என்று சட்டமே வரையறை தருகிறது. நண்பர்களுடன் முதல்முறை புகைத்துப் பார்த்து, பையில் 20 கிராமுடன் மாட்டிக்கொண்ட கல்லூரி மாணவர் இந்த வரையறைக்குள் வருவது கடினம். பல ஆண்டுகளாகப் புகைப்பவருக்கு இருக்கும் பாதுகாப்பு, ஒரே முறை தவறியவருக்கு இல்லை. பிற சிறு குற்றங்களில் முதல்முறை தவறியவரைக் காக்கும் 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டமும் இவருக்கு உதவாது. பதினெட்டு வயது நிறையாதவரையும், 26, 27 ஆகிய பிரிவுகளில் தண்டிக்கப்படுபவரையும் தவிர மற்றவருக்கு அச்சட்டம் பொருந்தாது என்று என்.டி.பி.எஸ். சட்டத்தின் 33-ஆம் பிரிவு தடுத்துவிட்டது.

ஆகவேதான் குற்றப்பத்திரிகையில் எந்தப் பிரிவு எழுதப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கஞ்சா வைத்திருந்ததாக 20-ஆம் பிரிவில் வழக்கென்றால் நன்னடத்தைச் சட்டத்துக்கு இடமில்லை. உட்கொண்டதாக 27-ஆம் பிரிவில் மட்டும் வழக்கென்றால் இடமுண்டு. 27-ஆம் பிரிவின் தண்டனையும் குறைவு: கஞ்சா போன்றவற்றுக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், ஹெராயின், மார்ஃபின், கோகெயினுக்கு ஓராண்டு வரை, 20,000 ரூபாய் வரை. 27-ஆம் பிரிவில் மட்டும் குற்றவாளி எனத் தீர்ப்பானவர் கண்டிப்புடனோ நன்னடத்தைப் பத்திரத்தின் பேரிலோ விடுவிக்கும்படி கேட்கலாம். இருபத்தொரு வயது நிறையாதவரைச் சிறைக்கு அனுப்புவதானால் நீதிமன்றம் அதற்கான காரணத்தைப் பதிய வேண்டும் என்று நன்னடத்தைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு சொல்கிறது. அதன் 12-ஆம் பிரிவின்படி, இவ்வாறு விடுவிக்கப்பட்டவருக்கு, தீர்ப்போடு ஒட்டிவரும் தகுதியிழப்பு எதுவும் ஏற்படாது. தீர்ப்பே அழிந்துவிட்டதாக இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது என்றாலும், வெறும் அபராதத்தோடு முடிந்த வழக்கைவிட இது எவ்வளவோ மேல்.

பதினெட்டு வயது நிறையாதவர் என்றால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். மூன்றாண்டுக்கு மிகாத தண்டனை உடையது என்பதால் இது சிறு குற்ற வகை. விசாரணையை நான்கு மாதத்தில், நீட்டித்தால் மேலும் இரண்டு மாதத்தில், முடிக்காவிட்டால் நடவடிக்கை முடிவுக்கு வந்துவிடும். அறிவுரை, குழு ஆலோசனை, சமூகப் பணி, நன்னடத்தைக் கண்காணிப்பு ஆகியவற்றில் எதையும் குழுமம் ஆணையிடலாம்.

சமூகப் பணி என்றதும் பலர் கேட்பது ஒன்றுண்டு. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், பொது இடத்தில் குடித்துவிட்டுத் தொல்லை தருவது போன்ற சில குற்றங்களுக்குச் சமூகப் பணி ஒரு தண்டனையாகச் சேர்க்கப்பட்டது. அது அந்தச் சட்டத்தின் குற்றங்களுக்கு மட்டுமே, என்.டி.பி.எஸ். வழக்கில் பெரியவர்களுக்கு அப்படி ஒரு தண்டனை இல்லை. சொந்தப் பயன்பாட்டுக்கான சிறு அளவைக் குற்ற வரம்பிலிருந்தே எடுத்துவிட்டு மறுவாழ்வுக்கு அனுப்பலாம் என்று மத்திய சமூக நீதி அமைச்சகம் 2021-இல் யோசனை தெரிவித்ததாகச் செய்தி வந்ததால், சட்டமே மாறிவிட்டது என்று சிலர் நம்புகிறார்கள். அந்த ஆண்டு நிறைவேறிய திருத்தம் சட்ட வரைவில் இருந்த ஒரு பிழையைச் சரிசெய்தது, தண்டனையைத் தொடவில்லை.

சிகிச்சைக்கு எங்கே போவது என்பதில் கவனம் தேவை, ஏனெனில் 64-ஏ, 39 ஆகிய இரண்டும் அரசு (64-ஏ பிரிவில் உள்ளாட்சி அமைப்பும்) நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தையே கேட்கின்றன. புதுச்சேரியில் கோரிமேடு ஜிப்மரின் மனநல மருத்துவத் துறை, கடலூர் மாவட்டத்தில் மஞ்சக்குப்பத்தில் உள்ள அரசுத் தலைமை மருத்துவமனை, சிதம்பரத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றில் முதலில் விசாரிக்கலாம். கஞ்சாப் பழக்கத்துக்கு எப்போதும் படுக்கையில் சேர்க்க வேண்டியதில்லை. வெளிநோயாளியாகத் தொடர்ந்து வந்து ஆலோசனை பெறுவதே பலருக்குச் சிகிச்சை. அப்படியிருக்க, முன்பணம் வாங்கிக்கொண்டு பூட்டிவைக்கும் தனியார் ‘மையத்தில்’ கொண்டுபோய் விடுவதால் வழக்குக்கும் பயனில்லை, பிள்ளைக்கும் பயனில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்திருப்பதால், உள்நோயாளியாகச் சேர்க்கும் மையங்கள் அச்சட்டத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும், நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதும் தடை செய்யப்பட்டுள்ளது. சேர்க்கும் முன் பதிவுச் சான்றைக் கேளுங்கள். எந்த மையம் அங்கீகாரம் பெற்றது என்று அறிய 14446 என்ற தேசியப் போதை மீட்பு உதவி எண்ணை அழைக்கலாம்.

வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்பவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுக வேண்டும். காவலில் இருப்பவர், பெண், குழந்தை, பட்டியலினத்தவர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. எண் 15100. போதைப்பொருளால் பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழு 2015-இல் ஒரு திட்டம் வகுத்திருப்பதையும் அங்கே குறிப்பிடலாம்.

மனுவுடன் இணைக்க வேண்டியவை அதிகமில்லை. மருத்துவமனையின் புறநோயாளிச் சீட்டு, போதைப்பொருள் சார்பு இருக்கிறது என்று மனநல மருத்துவர் எழுதிய சான்று, சிகிச்சை தொடங்கிய நாள், வருகைப் பதிவு, முன் வழக்கு இல்லை என்ற உறுதிமொழி, படிப்பு அல்லது வேலைக்கான ஆதாரம் ஆகியவை போதும். முதல் சீட்டிலிருந்தே ஒன்றையும் தொலைக்காமல் வைத்திருங்கள். சிகிச்சை முடிந்ததற்கான சான்றில் மருத்துவமனை முத்திரையும் தேதியும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நீதிமன்றம் ஆணை பிறப்பித்ததும் நகல் மனு போட்டுச் சான்றிட்ட நகலைப் பெற்றுக்கொள்ளுங்கள். ஆணையில் எந்தப் பிரிவின் கீழ் விடுவிக்கப்பட்டார் என்பது எழுதப்பட்டிருக்கும். பின்னாளில் வேலைக்கான படிவத்தை நிரப்பும்போதும், காவல் நிலையச் சரிபார்ப்புக்கு ஆள் வரும்போதும் காட்ட வேண்டிய ஆவணம் அந்த நகல்தான்.