புரோச், கெரோங்சாங், அணியூக்கு

முந்தானை மடிப்பைத் தோளில் நிறுத்தவும், கெபாயா என்ற மலாய் மேல்சட்டையின் இரு முன்பக்கங்களைச் சேர்த்துப் பிடிக்கவும் குத்திக்கொள்கிறோமே, அந்தச் சின்ன நகைக்கு மலேசியத் தமிழில் இரண்டு பெயர் புழங்குகிறது. ஒன்று 'புரோச்', இன்னொன்று 'கெரோங்சாங்'. 'சாரி பின்' என்று சொல்லி முடித்துக்கொள்பவர்களும் உண்டு. பிறை, விண்மீன், சூரியன், வால்வெள்ளி என்று வானத்து உருவங்கள் கொண்ட பழைய வெள்ளிப் புரோச்சுகளைச் சேர்ப்பவள் நான். அவற்றைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதலில் வேண்டியது ஒரு நல்ல சொல்.

புரோச் என்பதன் வேர் லத்தீனில் இருக்கிறது. கூர்மையாக முன்னால் நீண்டிருப்பதைக் குறித்த 'புரோக்கஸ்' பழைய பிரெஞ்சில் 'புரோஷ்' ஆகி, நீண்ட ஊசியையும் இறைச்சி சுடும் கம்பியையும் குறித்தது. அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனபோது ஊசியின் பெயரே நகையின் பெயராக நின்றுவிட்டது. எழுத்தைப் பார்த்து 'புரூச்' என்று சொல்பவர்கள் பலர். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அதன் ஒலிப்பு 'புரோச்'தான். நூலைத் தைத்துச் சேர்ப்பதிலிருந்து வந்த 'புரோஷர்', முளைவிட்டு நிற்கும் 'புரோக்கோலி' இரண்டும் இதே வேரின் கிளைகள். ஆக, அந்தச் சொல்லுக்குள் அழகு பற்றிய பேச்சே இல்லை. குத்தும் முனைதான் இருக்கிறது.

கெரோங்சாங்கின் கதை வேறு. 'கெரோசாங்' என்றும் சொல்வார்கள். இதயத்தைக் குறிக்கும் 'கொராசாவ்' என்ற போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது என்று சொல்பவர்கள் உண்டு. பாபா நோன்யா, அதாவது பெரானாக்கான் சீனர் மரபில், பாஜு பாஞ்சாங் என்ற நீள அங்கிக்குக் குத்தும் மூன்று அணிகளில் பெரியது இதய வடிவில் இருப்பதைப் பார்த்தால் அது பொருந்தித்தான் வருகிறது. அந்தப் பெரியதற்கு 'ஈபு', அதாவது தாய் என்று பெயர். கீழே வரும் வட்டமான இரண்டும் 'அனாக்', பிள்ளைகள். கெபாயாவுக்கு வரும்போது மூன்றும் ஒரே அளவாகிச் சங்கிலியால் இணைந்துவிடும். அந்த உடைகளில் பொத்தான் கிடையாது, இதுதான் பொத்தான். விண்மீன் வடிவில் செய்த 'கெரோசாங் பிந்தாங்'கும் உண்டு. இவற்றைச் செய்த பட்டறைகளில் சீனர்களோடு தமிழ்ப் பத்தர்களும் சிங்களப் பொற்கொல்லர்களும் இருந்தார்கள். ஜார்ஜ் டவுன் சர்ச் ஸ்திரீட்டில் உள்ள பினாங்கு பெரானாக்கான் மாளிகைக்குப் போனால் நகைக் கூடத்தில் நிதானமாக நில்லுங்கள். தங்கமும் இந்தான் என்ற வைரக்கற்களும் கண்ணைப் பறிக்கும். நோன்யாப் பெண்கள் துக்க காலத்தில் தங்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு வெள்ளியும் முத்தும்தான் அணிந்தார்கள். முத்து கண்ணீரைக் குறித்தது. ஆகவே, முத்துப் பதித்த பழைய வெள்ளிக் கெரோசாங் கிடைத்தால் அது ஒரு வீட்டின் இழப்பைச் சுமந்த நகையாக இருக்கலாம். அதை வாங்கும்போது கொஞ்சம் மரியாதையோடு வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

சரி, தமிழில் என்ன சொல்வது? நம்மிடம் பழைய சொல் இல்லாததற்குக் காரணம் எளிது. தைக்காத துணியைச் செருகியும் முடிந்தும் உடுத்தியவர்களுக்குத் துணியைக் குத்திப் பிடிக்கும் நகை தேவைப்படவில்லை. வானத்து உருவங்களுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. மணப்பெண்ணும் நாட்டியப் பெண்ணும் வகிட்டின் இருபுறமும் வைக்கும் சூரியன், சந்திரன் இன்றும் இருக்கின்றன. அவை தலையில் ஏறின, தோளுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

'மார்பூசி', 'உடை ஊசி', 'அணியூசி' என்றெல்லாம் எழுதிப் பார்க்கலாம். மார்பூசி சரிப்படாது. இந்த நகை தோளிலும் குத்தப்படுகிறது, கொண்டையிலும் குத்தப்படுகிறது, துடோங் என்ற தலைத்துணியிலும் குத்தப்படுகிறது. உடை ஊசி என்றால் தையல் ஊசி நினைவுக்கு வருகிறது. அணியூசி அழகான சொல், ஆனால் பாதிதான் சொல்கிறது. ஊசி குத்தும், பிடித்து வைக்காது. பிடித்து வைப்பதற்குத் தமிழர் வீட்டில் தினமும் புழங்கும் சொல் 'ஊக்கு'. வீட்டுப் பெண்ணிடம் "அந்த ஊக்க எடும்மா" என்றால் விளக்கம் கேட்கமாட்டாள். அது ஆங்கில ஹூக்கிலிருந்து வந்தது என்று சொல்வோர் உண்டு. இருக்கட்டும், தமிழ் எழுத்தும் தமிழ் ஒலியும் பெற்று வீட்டுச் சொல்லாகிவிட்டது. அதற்கு முன்னால் 'அணி'யை வைத்தால் 'அணியூக்கு'. நகையாக இருக்கும் ஊக்கு என்று கேட்டவுடன் புரிகிறது. பிறை அணியூக்கு, விண்மீன் அணியூக்கு, வால்வெள்ளி அணியூக்கு என்று நீட்டவும் வசதி. கெரோங்சாங்கை மட்டும் மாற்றாமல் அப்படியே வைத்துக்கொள்ளலாம். அது இந்த மண்ணின் மூன்று துண்டு நகைக்கு உரிய பெயர்.

ஊசிக்கும் ஊக்குக்கும் உள்ள இந்த வேறுபாடுதான் நகையின் வயதையும் காட்டிக்கொடுக்கிறது. அதனால்தான் சொல்லில் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன். கையில் எடுத்தவுடன் முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள், திருப்புங்கள். 1900களின் தொடக்கம் வரை செய்த பெரும்பாலானவற்றில் பூட்டு இருக்காது. ஊசி முனை ஒரு வெறும் வளைவுக்குள் போய் உட்காரும், அவ்வளவுதான். ஊசியும் நகையின் விளிம்பைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும். துணியின் இழுவிசையே அதை நிறுத்தி வைத்தது. பிறகு வந்தவற்றில் அந்த வளைவுக்குள் சுழலும் சிறு உருளை சேர்ந்தது. அதைத் திருப்பினால் வாய் மூடிக்கொள்ளும். அப்போதுதான் ஊசி முழு ஊக்கு ஆனது. இதை மட்டும் வைத்து வயதை முடிவு செய்துவிடக் கூடாது. பழைய பாணியில் புதிதாகச் செய்பவர்களும் உண்டு, பழைய நகைக்குப் புதுப் பூட்டு மாற்றியவர்களும் உண்டு. கீல், பூட்டு, பற்றவைத்த இடத்தின் நிறம் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது முத்திரை. இங்கிலாந்திலிருந்து வந்தவற்றில் நடக்கும் சிங்கம் 92.5 சதவீத ஸ்டெர்லிங் வெள்ளிக்கு அடையாளம். நங்கூரம் பர்மிங்ஹாம், சிறுத்தைத் தலை லண்டன். பக்கத்தில் உள்ள ஒற்றை எழுத்து ஆண்டைச் சொல்லும். ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் 800, 835 என்ற எண்களும் வரும். 'இ.பி.என்.எஸ்.' என்றிருந்தால் அது வெள்ளி முலாம். நம்மூரில் இன்னொரு குழப்பமும் உண்டு. சிலாங்கூர் பியூட்டர் அணியூக்குகள் வெள்ளி மாதிரியே மினுங்கும், ஆனால் அது வெள்ளீயக் கலவை. கிளந்தான் பட்டறைகளின் கம்பி வேலைப்பாட்டு வெள்ளியில் முத்திரை இல்லாமலும் இருக்கலாம். அங்கே வேலையைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

உருவங்களும் காலம் சொல்லும். பிறையும் விண்மீனும் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இங்கிலாந்தில் பெரிய மோகம். பிறைக்குள் ஒரு பூ வைத்தது மணப்பெண்ணுக்கான பரிசு. பிறை நிலவு, பூ தேன், சேர்த்தால் தேனிலவு. வால்வெள்ளி அணியூக்குகள் 1835இல் ஹாலி வால்வெள்ளி வந்தபோது பரவி, 1910இல் அது திரும்பி வந்தபோது மறுபடி கிராக்கி கண்டன. இந்த நாட்டுக்கே உரிய கணக்கு ஒன்றும் உண்டு. 1950இல் ஏற்ற மலாயாக் கொடியின் விண்மீனுக்கு 11 முனை, 1963இல் மலேசியா உருவானபோது அது 14 ஆனது. பிறையும் விண்மீனும் கொண்ட நினைவுப்பொருள் ஊக்கு கிடைத்தால் முனைகளை எண்ணிப் பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தவை சியாம், அதாவது இன்றைய தாய்லாந்தின் வெள்ளி நகைகள். பினாங்கில் லோரோங் கூலிட் காலைச் சந்தையில் விரித்து வைத்திருக்கும் பழம்பொருள்களுக்கு நடுவே இவை அடிக்கடி கண்ணில் படும். வெள்ளித் தகட்டில் உருவத்தைச் சுற்றிச் செதுக்கி, வெள்ளி, செம்பு, ஈயம், கந்தகம் சேர்ந்த கறுப்புக் கலவையை அந்தப் பள்ளத்தில் உருக்கி நிரப்புவார்கள். இதற்கு நியெல்லோ என்று பெயர். தென் தாய்லாந்தின் நக்கோன் சி தம்மராட் இதற்குப் பேர்போன ஊர். என்னிடம் இருக்கும் நீள்வட்ட ஊக்கில் கறுப்பு வானத்தில் ஒரு பெண் ஒற்றைக் காலைப் பின்னால் மடக்கிப் பறக்கிறாள். உயர்த்திய கையில் ஒரு மணிக்கல். விரல்கள் வெளிப்புறமாக வளைந்திருக்கின்றன, துகிலின் மடிப்பு ஒவ்வொன்றும் மயிரிழைக் கோடு. அவள் மெக்கலா, தாய்லாந்துக் கதைகளின் மின்னல் தெய்வம். அவள் மணிக்கல்லைச் சுழற்றினால் மின்னல். பொறாமையில் ராமசூன் என்ற அரக்கன் கோடரி வீசினால் இடி. இந்த மெக்கலா நமக்கு அந்நியள் இல்லை. கோவலனின் முன்னோரைக் கடலில் காத்த மணிமேகலா தெய்வம் இவள்தான். அவள் பெயரைத்தான் மாதவியின் மகளுக்கு வைத்தார்கள். காவிரிப்பூம்பட்டினத்துக் கடல் தெய்வம் சியாமில் மின்னலாகி, ஒரு நகையில் ஏறிப் பினாங்குச் சந்தைக்கு வந்து சேர்ந்திருக்கிறாள். பின்னால் 'சியாம் ஸ்டெர்லிங்' என்று அடித்திருக்கும். நாட்டின் பெயர் 1939இல் தாய்லாந்து ஆனது. ஆனாலும் பல பட்டறைகள் பிறகும் சியாம் என்றே அடித்தன. அந்தச் சொல்லை நம்பிப் போருக்கு முந்தியது என்று விலை கொடுத்துவிடாதீர்கள்.

விலை என்றதும் 'வெள்ளி' பற்றிச் சொல்லியாக வேண்டும். வெண்மையைக் குறிக்கும் 'வெள்' அடியிலிருந்து வந்த சொல் அது. உலோகமும் வெள்ளி, விடியலில் தெரியும் கோளும் வெள்ளி, விண்மீனும் வெள்ளி. மலேசியத் தமிழனுக்கு ரிங்கிட்டும் வெள்ளிதான். பழைய ஸ்பானிய வெள்ளிக் காசுகளின் பல் வெட்டிய விளிம்பால் வந்த பெயர் ரிங்கிட். ஆக, "இந்த வெள்ளி எத்தனை வெள்ளி?" என்று விண்மீன் ஊக்கைக் காட்டிக் கேட்டால், உலோகம், விண்மீன், காசு என்ற மூன்று பொருளும் அந்த ஒரே கேள்வியில் அடங்கிவிடும்.

இனிப் பராமரிப்பு. வெள்ளி கறுப்பது துரு இல்லை. காற்றில் உள்ள கந்தகச் சேர்மம் மேலே படிந்து வெள்ளி சல்ஃபைடு ஆகிறது. நம் ஊரின் ஈரப்பதமும் வியர்வையும் அதை விரைவாக்கும். ரப்பர் பேண்டும் கம்பளித் துணியும் கூட இதைச் செய்யும். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்தால் அது பட்ட இடத்தில் கறுப்புக் கோடே விழுந்துவிடும். விளக்குத் தேய்க்கிற விபூதியையும் பற்பசையையும் இதன்மேல் கொண்டுவராதீர்கள். குத்துவிளக்கு தாங்கும், மயிரிழைக் கோடும் முத்திரையும் தாங்காது. தேய்ந்துபோன சிங்கத்தைத் திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது. அலுமினியத் தாளும் சோடா உப்பும் போட்ட வெந்நீரில் முக்கும் வித்தை வேலை செய்யும்தான். ஆனால் பள்ளங்களில் கலைஞன் வேண்டுமென்றே விட்ட கருமையையும் அது பறித்து, உருவத்தைத் தட்டையாக்கிவிடும். நியெல்லோவை முக்கும் திரவம் எதிலும் போடவே கூடாது. 1920, 30களின் விண்மீன் ஊக்குகளில் பொடிப்பொடியாக மினுங்கும் மார்கசைட் கற்கள் உண்மையில் பைரைட். தண்ணீர் பட்டால் கல்லும் கெடும், பசையும் விடும். மெல்லிய பருத்தித் துணி, குழந்தைப் பல் துலக்கியின் மென்மை, அதற்கு மேல் எதுவும் வேண்டாம். அடிக்கடி அணிந்தால் உரசலிலேயே பளபளப்பு நிற்கும். வாசனைத் திரவியம் அடித்து, அது காய்ந்த பிறகு குத்துங்கள். பட்டுச் சேலைக்குப் பின்னால் சிறு துணித்துண்டு வைத்துக் குத்தினால் இழை கிழியாது. கழற்றிய பிறகு அமிலமில்லாத தாளில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு தனித்தனிப் பையில் போட்டு வையுங்கள்.

ஊசி வளைந்துவிட்டால் பத்தரிடம்தான் போக வேண்டும். கொடுக்கும்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: "அண்ணே, மெருகு போட வேணாம், ஈயம் வச்சுப் பத்த வைக்க வேணாம். ஊசிய மட்டும் நிமித்திக் குடுங்க." ஈயப் பற்று வைத்த வெள்ளியைப் பிறகு வெள்ளிப் பொடி வைத்துத் தீயில் ஊதிப் பற்றவைத்தால் அந்த இடம் அரித்துப் போகும். நல்ல பத்தர் இதைச் சொல்லாமலே அறிவார், ஆனாலும் சொல்லுங்கள்.

அப்புறம், ஒவ்வொரு பையிலும் ஒரு சீட்டு. நான் எழுதுவது இப்படி: 'பிறை அணியூக்கு. பூ உள்ளே. ஸ்டெர்லிங், நங்கூரம். திறந்த வளைவு, பூட்டு இல்லை. ஊசி பிற்காலத்தில் மாற்றியது. லோரோங் கூலிட்டில் வாங்கியது.'