எந்த மரத்துப் புல்லுருவி?

ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மா, சர்க்கரை நோய்க்கென்று ஊரிலுள்ள உறவினர் கொடுத்த பொடியைக் காகிதப் பொட்டலத்தில் மடித்து எடுத்துவந்து, புல்லுருவிப் பொடி என்றார். எந்த மரத்துப் புல்லுருவி என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை, தொலைபேசியில் விசாரித்ததில், கொடுத்தவருக்கும் தெரியவில்லை.

வேம்பின் புல்லுருவி, புளியின் புல்லுருவி என்று தாய்மரத்தின் பெயரைச் சேர்த்தே சொல்லும் வழக்கம் நம் மருத்துவத்தில் காரணமின்றி ஏற்பட்டதன்று. பூங்கொத்தி என்னும் சிறு பறவைகள் தின்று கழிக்கும் புல்லுருவிப் பழத்தின் பிசுபிசுப்பான விதை கிளையில் ஒட்டி முளைத்து, உறிஞ்சு உறுப்பை மரத்துக்குள் செலுத்தி, நீரையும் உப்புகளையும் மட்டுமன்றி, அந்த மரத்தில் ஓடும் வேறு சில பொருள்களையும் இழுத்துக்கொள்கிறது. (மண்ணில் இதற்கு வேரே கிடையாது என்பதை, வசியத்துக்குப் 'புல்லுருவி வேர்' வாங்குவோர் அறிந்திருப்பது நல்லது.)

எட்டி மரத்தில் வளரும் ஒருவகைப் புல்லுருவியின் இலையில் எட்டியின் நஞ்சுகளான ஸ்ட்ரிக்னினும் புரூசினும் இருப்பது, 19ஆம் நூற்றாண்டிலேயே ஒடிசாவின் கட்டாக் பகுதியிலிருந்து கிடைத்த இலைகளைக் கொண்டு அறியப்பட்டது. அரளியில் படர்ந்த புல்லுருவியில், இதயத் துடிப்பையே குலைக்கக்கூடிய அரளியின் கிளைக்கோசைடு நஞ்சுகள் இருப்பதை 1961இல் வெளியான ஆய்வு காட்டியது. பச்சை இலையாகக் கையில் கிடைத்தாலே தாய்மரத்தைச் சொல்வது கடினம் என்னும்போது, இடித்துச் சலித்த பொடியைப் பார்த்து எந்த வைத்தியரும் சொல்லிவிட முடியாது.

புண், மாதவிடாய்க் கோளாறு, இரைப்பு ஆகியவற்றுக்குப் புல்லுருவியின் பட்டையைப் பயன்படுத்தும் மரபு பழையது. ஆயினும் இதுவரை நடந்தவற்றுள் ஆய்வகத்திலும் எலிகளிலும் செய்த சோதனைகளே மிகுதி. புற்றுநோய்க்கு ஐரோப்பாவில் 1917 முதல் ஊசியாகப் போடப்படும் மிஸில்டோ (ஐரோப்பியப் புல்லுருவி), விஸ்கம் ஆல்பம் என்னும் அறிவியல் பெயருடைய வேறு செடி. அங்கும் ஆப்பிள், ஓக், பைன் எனத் தாய்மரத்தைக் குறித்தே மருந்தைப் பிரிக்கிறார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கு ஒப்புதல் அளிக்கவில்லை. அதைப் படித்துவிட்டு நம் மாமரத்துப் புல்லுருவியைக் காய்ச்சிக் குடிப்பதில் பொருளில்லை.

அந்த அம்மாவிடம் பொட்டலத்தை வாங்கி வைத்துக்கொண்டு, வழக்கமான மாத்திரைகளைத் தொடருமாறு சொன்னபோதுதான், பத்து நாள்களாக அவற்றை அவர் நிறுத்தியிருந்தது தெரியவந்தது.