வழிபாட்டு வாசலும் ரேஷன் கவுண்டரும்: தன்பாலீர்ப்பு இணையருக்குச் சட்டத்தில் இன்று என்ன உண்டு?

"ஆணும் ஆணும் கட்டிக்கலாம்னு கோர்ட்டு சொல்லிட்டா, நம்ம சர்ச்சுலயும் நடத்தி வைக்கணுமா?" இராயபுரம் பக்கம் இந்தப் பேச்சு எழுந்தால் முதலில் வரும் கேள்வி இதுதான். வேண்டியதில்லை. மத விவகாரங்களைத் தாங்களே நடத்திக்கொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 26-வது பிரிவு மதப் பிரிவினருக்குத் தருகிறது. இத்தகைய திருமணங்களைச் சட்டம் ஏற்க வேண்டும் என்று கேட்டு உச்ச நீதிமன்றத்தில் நடந்த வழக்கும், மதச் சடங்கு இல்லாமல் திருமணம் செய்ய வழி தரும் சிறப்புத் திருமணச் சட்டத்தைப் பற்றியதுதான். மதத் தனிச் சட்டங்களுக்குள் போகப் போவதில்லை என்று நீதிபதிகள் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்கள். அந்த வழக்கிலும் 2023 அக்டோபர் 17 அன்று, திருமணம் அடிப்படை உரிமை அல்ல என்றே தீர்ப்பு வந்தது. ஆக, தன்பாலீர்ப்பு இணையரின் திருமணத்தை இன்று எந்த அலுவலகத்திலும் பதிய முடியாது.

அதே சமயம், சேர்ந்து வாழ்வது குற்றமில்லை. இத்தகைய உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவை 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் திருத்தி வாசித்ததோடு அது முடிந்தது. பலருக்கு மறந்துபோகிற இன்னொன்றும் இருக்கிறது. மதச் சுதந்திரம் தரும் அரசியலமைப்பின் 25-வது பிரிவு 'எல்லா நபர்களுக்கும்' என்றுதான் சொல்கிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் வடிவுடையம்மன் கோயிலுக்குப் போகும் தன்பாலீர்ப்பாளரும் அந்த நபர்களில் ஒருவர்தானே? மதம் ஒரு பக்கம், இவர்கள் எதிர்ப்பக்கம் என்று கோடு போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, அரசு கவுண்டரில் என்ன கிடைக்கும்? இருவரும் சேர்ந்து வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கலாம், துணையை நாமினியாகப் போடலாம். தடை எதுவும் இல்லை என்று மத்திய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. ரேஷன் அட்டைக்கு இத்தகைய இணையரை ஒரே குடும்பமாகக் கருதும்படி மத்திய உணவுத் துறையும் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. ஆனால் அட்டை வழங்குவது மாநில அரசு, மத்திய அரசு அனுப்பியது ஆலோசனைதான். தண்டையார்பேட்டை கவுண்டரில் இருப்பவர் அதைப் பார்த்திருப்பார் என்று நம்பிப் போகாதீர்கள், நகல் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். துணை இறந்து, நெருங்கிய உறவினர் யாரும் இல்லாதபோது உடலைப் பெற்றுக்கொள்ளவும் சுகாதார அமைச்சகம் வழி சொல்லியிருக்கிறது. உறவினர் வந்து நின்றால் அந்த வழி அடைபட்டுவிடும். இது பெரிய ஓட்டை.

நம் ஊரில் அதிகம் நடப்பது வேறு. பெண் வீட்டைவிட்டுத் தோழியோடு போய்விடுவாள், பெற்றோர் 'காணவில்லை' என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பார்கள். இருவரும் வயது வந்தவர்கள், விருப்பப்பட்டே சேர்ந்திருக்கிறார்கள் என்று விசாரணையில் தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு புகாரை முடித்துவிட வேண்டும், தொந்தரவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று உத்தரவிட்டார். அடுத்த ஆண்டே போலீசார் நடத்தை விதிகளில் 24-சி என்ற விதியைத் தமிழக அரசு சேர்த்தது. இந்தச் சமூகத்தவரைத் துன்புறுத்தினால் அந்தப் போலீஸ்காரர் மேல் துறை நடவடிக்கை எடுக்க இதைக் காட்டலாம். 'பாலீர்ப்பை மாற்றிக் காட்டுகிறேன்' என்று சிகிச்சை தரும் மருத்துவர் மேலும் புகார் கொடுக்கலாம், அது தொழில்முறைக் குற்றம். பிரார்த்தனைக்கு அழைப்பது மத உரிமை. வயது வந்தவரைப் பூட்டி வைத்துப் பிரார்த்திக்கச் சொல்வது சட்டவிரோதக் காவல். 2025 மே மாதம் வேலூர் வழக்கு ஒன்றில், பெற்றோர் பிடித்து வைத்திருந்த பெண்ணைச் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழி அல்ல என்றும் சொன்னது.

வீட்டு ஓனர் மறுத்தால்? தனியார் வீட்டுக்காரரையோ கம்பெனியையோ இதற்காகவே தண்டிக்கும் சட்டம் இன்னும் இல்லை. வீடு கிடைத்தால் வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரையும் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் உயில். நாமினி என்பவர் பணத்தை வாங்கிக் கொடுப்பவர் மட்டுமே, சொத்து வாரிசுக்குத்தான் போகும். அதனால் இரண்டு சாட்சிகளோடு உயில் எழுதுங்கள், பதிவு கட்டாயமில்லை. மண்ணடியில் இருக்கும் முஸ்லிம் என்றால் கணக்கு மாறும். வாரிசுகள் சம்மதிக்காவிட்டால், அடக்கச் செலவும் கடனும் போக மிஞ்சுவதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் துணைக்கு எழுத முடியும். மீதியைக் கொடுக்க விரும்பினால் உயிரோடு இருக்கும்போதே தானமாகக் கொடுத்துவிடலாம். வக்கீல் செலவுக்கு வழியில்லை என்றால் சட்ட உதவி எண் 15100-க்குப் போன் போடுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு.