சுரபாயாவின் கூடை உரம்: உமி, தவிடு, கொஞ்சம் டெம்பே

மக்கள் எதிர்ப்பால் 2001இல் கெபூத்தி குப்பைக் கிடங்கு மூடப்பட்டதும், இந்தோனேசியாவின் சுரபாயா நகரத் தெருக்களில் குப்பை மலையாகத் தேங்கியது. அதில் பாதிக்கு மேல் சமையலறைக் கழிவு. 2004இல் கைகொடுக்க வந்த ஜப்பானின் கிட்டாக்கியூஷு நகரம் எரியுலையைக் கப்பலேற்றி அனுப்பவில்லை. கோஜி தக்காகுரா என்ற உர வல்லுநரை அனுப்பியது. சமையலறைக் கழிவை வீட்டுக் கூடையிலேயே உரமாக்க அவர் வகுத்த முறைக்கு வேண்டிய நுண்ணுயிர்கள் உள்ளூர்ச் சந்தையிலேயே இருந்தன. சோயாவைப் புளிக்கவைத்த டெம்பே, மரவள்ளியைப் புளிக்கவைத்த தாப்பே இரண்டிலும் அவை நிறைந்திருக்கின்றன. அந்த ஊர் வெப்பத்துக்குப் பழகியவை என்பதால், வெளிநாட்டு நுண்ணுயிர்ப் பொட்டலத்தை நம்பிக் காத்திருக்க வேண்டியதில்லை.

முதலில் இரண்டு கரைசல்கள். நாட்டுச்சர்க்கரை கரைத்த நீரில் இந்தப் புளித்த உணவுகளைப் போடுவது ஒன்று. உப்பு நீரில் பழத்தோலும் காய்கறி இலையும் போடுவது மற்றொன்று. 3 முதல் 5 நாளில் புளிப்பும் கள்வாசனையும் வந்தால் தயார். அழுகல் நாற்றம் வந்தால் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவதே நல்லது. வாயு உண்டாகும் என்பதால் மூடியை இறுக்கக் கூடாது.

உமியையும் தவிட்டையும் ஏறக்குறையச் சம அளவில் கலந்து இரண்டு கரைசல்களையும் தெளிக்க வேண்டும். ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம். இதை அளக்கக் கருவி வேண்டாம்: ஒரு கைப்பிடி எடுத்து அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது. துணி போர்த்தி வைத்தால் குவியல் சூடேறி, சில நாளில் வெள்ளைப் பூஞ்சை படரும். இதுதான் விதை உரம். தவிடு நுண்ணுயிருக்குத் தீனி; உமி காற்றுக்கு வழி.

வீட்டுக்குப் போவது துளையுள்ள பிளாஸ்டிக் கூடை. உட்சுவரில் அட்டை, அடியில் உமி நிரப்பிய சிறு மெத்தை, அதன் மேல் கூடையின் பாதிக்குச் சற்று அதிகமாக விதை உரம், மேலே இன்னொரு உமி மெத்தை, ஈ நுழையாதபடி துணி. தினமும் பொடியாக நறுக்கிய கழிவைப் போட்டுக் கிளற வேண்டும். நுண்ணுயிர்கள் ஏற்கெனவே கூட்டமாகக் காத்திருப்பதால் ஓரிரு நாளில் கழிவு உருத்தெரியாமல் போகும். சாதாரண உரக்குழிக்கு மாதக்கணக்கு ஆகும் வேலை இது. கூடை நிறைந்ததும் பெரும்பகுதியை எடுத்து இரண்டு வாரம் ஆறவிட்டு, மிச்சத்தை அடுத்த சுற்றுக்கு விதையாக விடலாம்.

கெடுவது பெரும்பாலும் ஈரத்தால். குழம்பை வடிக்காமல் கொட்டினால் உமியின் இடுக்குகளில் நீர் நிறைந்து காற்று அடைபடும். காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர் தலையெடுக்கும், நாறும், புழு வைக்கும். காய்ந்த உமி சேர்த்துக் கிளறினால் சரியாகும். காய்ந்துபோனால் சூடே ஏறாது. தேங்காய் ஓடும் பெரிய எலும்பும் மாங்கொட்டையும் போடவே வேண்டாம்.

இலவசக் கூடை மட்டும் கொடுத்திருந்தால் அது இந்நேரம் அழுக்குத்துணி கூடையாகியிருக்கும். சுரபாயா நகராட்சி ஆயிரக்கணக்கில் கூடைகளைக் கொடுத்ததோடு நிற்காமல், தெருத்தெருவாக மகளிர் குழுக்களைப் பயிற்றுவித்தது. சந்தைக் கழிவுக்குத் தனி உரமையங்கள் அமைத்து, அங்கே கிடைத்த உரத்தை நகரப் பூங்காக்களுக்குப் போட்டது. வளர்ச்சி உதவித் திட்டங்கள் பலவும் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்: உரத்தை யார் எடுத்துக்கொள்வார் என்று கேட்காமலே உரம் செய்யச் சொல்லிக்கொடுப்பார்கள். 2005இல் நாளுக்குச் சுமார் 1,500 டன்னாக இருந்த கிடங்குக் குப்பை சில ஆண்டுகளில் 1,000 டன் அளவுக்கு இறங்கியது.

மிஞ்சும் குப்பை பெனோவோ கிடங்குக்குப் போகிறது. அங்கே 2021இல் குப்பையை வாயுவாக்கி மின்சாரம் எடுக்கும் ஆலை திறக்கப்பட்டது. ஈரக் கழிவு கலந்துபோனால் அதிலுள்ள நீரை ஆவியாக்கவே வெப்பத்தில் ஒரு பங்கு வீணாகும். ஆகவே அந்த ஆலைக்கும் வீட்டுக் கூடை தேவைப்படுகிறது.